1966 எம்ஜிபி ஜிடி: தகடு பொருந்துகிறது, இஞ்சின் பொருந்தவில்லை

கேள்வி: வெள்ளைக்கார் (லெஸ்டர்)

வணக்கம். என் அப்பாவின் கார் பற்றி ஒரு சந்தேகம். 1966 நவம்பரில் இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் முடிந்த எம்ஜிபி ஜிடி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். ஓல்ட் இங்கிலிஷ் ஒயிட் நிறம். சேசிஸ் எண் ஜிஎச்டி3 என்று தொடங்குகிறது. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து இங்கேயே வேலையில் அமர்ந்தவர். 1981-இல் இந்தக் காரை வாங்கினார். போன வருடம் ஆவணியில் காலமாகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "பிள்ளை, இது பிறந்தபோது வைத்த இஞ்சின், தெரியுமா?" என்று சொல்வார். அதை நூறு முறையாவது கேட்டிருப்பேன்.

காப்பீட்டுக்காகச் சென்ற வாரம் ஒரு மதிப்பீட்டாளரை அழைத்தேன். கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தின் ஆவணக் காப்பகத்திலிருந்து அப்பா வாங்கி வைத்திருந்த சான்றிதழைக் காட்டினேன். அதில் உள்ள இஞ்சின் எண் 18ஜிபி-யு-எச் என்று தொடங்குகிறது. இஞ்சினின் வலப்பக்கம் உள்ள சிறு தகட்டிலும் கடைசி இலக்கம் வரை அதே எண்தான். அவர் தகட்டை விளக்கடித்துப் பார்த்தார். பிறகு ராக்கர் கவரை, அதாவது இஞ்சினின் உச்சி மூடியை, கழற்றச் சொன்னார். அதன் கீழே சிலிண்டர்களை மூடும் ஹெட்டின் மேல் 12எச்2389 என்று வார்ப்பிலேயே எழுந்து நிற்கிறது. "1966 காரில் 12எச்906 இருக்க வேண்டும். இந்தத் தகட்டை யாரோ வேறு இஞ்சினில் ஒட்டியிருக்கிறார்கள். உங்கள் அப்பா ஏமாந்துவிட்டார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் நானே விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தவற்றை எழுதுகிறேன்.

தகட்டை இரண்டு ரிவெட்டுகள் பிடித்திருக்கின்றன. இடப்பக்கம் உள்ளது தட்டையான, கெட்டியான தலை. வலப்பக்கம் உள்ளதன் நடுவில் துளை இருக்கிறது, அலுமினியம் போலப் பளபளக்கிறது. தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பில் 40897 என்றும் அதன் பக்கத்தில் 38 66 (1966-இன் 38-ஆம் வாரம்) என்றும் குத்தியிருக்கிறது. டைனமோவிலும் 66 என்ற ஆண்டு இருக்கிறது. கார்புரேட்டர் இரண்டும் எஸ்யூ எச்எஸ்4. கியர்பாக்ஸ் பழையதுதான். வண்டி உருளும்போது முதல் கியர் போட்டால் கரகரவென்று கத்தும். அப்பா அதற்காகவே என்னை நின்றுவிட்டு முதல் கியர் போடப் பழக்கினார்.

இஞ்சின் கறுப்புச் சாயத்தில் இருக்கிறது. 1966-ஆம் வருடத்து இஞ்சின்களுக்கு அரக்குச் சிவப்பு என்று படித்தேன். டாப்பெட் மூடிக்குக் கீழே கறுப்பு உரிந்த ஒரு இடத்தில் மஞ்சளாக ஏதோ தெரிகிறது. துருவா, பழைய எண்ணெய்க் கறையா என்று எனக்குப் புரியவில்லை.

வெளியில் மாட்டியவை எல்லாம் 1966, நடுவில் இருக்கும் இரும்பு மட்டும் வேறு என்றால் அது எப்படி? அப்பா ஏமாற்றப்பட்டாரா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். விலை எனக்குப் பொருட்டில்லை, விற்கப் போவதில்லை.

மறுமொழி 1: பழைய அம்பாசடர் (மதுரை)

அம்மா, முதலில் அந்த மஞ்சளைப் பார்ப்போம். நீங்கள் எழுதியதிலேயே பெரிய சாட்சி அதுதான். அதைக் கடைசியில், துரு என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள்.

நான் மதுரையில் இருபத்திரண்டு வருடம் அம்பாசடர் டாக்சிகளுக்கு வேலை பார்த்தவன். எம்ஜிபிக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். அம்பாசடரில் ஓடிய 1489 சிசி இஞ்சினும் உங்கள் 1798 சிசி இஞ்சினும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இரண்டும் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி சீரிஸ். பிஸ்டன் ஓடும் தூரம் இரண்டிலும் அதே 88.9 மி.மீ. போர், அதாவது சிலிண்டர் துளையின் அகலம், மட்டும் எங்களுடையதில் 73 மி.மீ., உங்களுடையதில் 80.26 மி.மீ. கார்புரேட்டரும் சைலன்சர் மேனிஃபோல்டும் ஒரே பக்கம், டிஸ்ட்ரிபியூட்டர் எதிர்ப்பக்கம். கண்ணைக் கட்டிவிட்டாலும் கை போகிற இடம் தெரியும். இப்போது மகனோடு கொவென்ட்ரியில் ஆறு மாதம், ஊரில் ஆறு மாதம். இங்கே இருக்கும்போது நான்கைந்து எம்ஜிபிகளில் கை வைத்திருக்கிறேன்.

இந்த இஞ்சினின் எண் வார்ப்பிரும்பில் குத்தியதல்ல. தனித் தகட்டில் குத்தி, தகட்டை பிளாக்கில், அதாவது இஞ்சினின் பெரிய இரும்பு உடம்பில், அறைந்திருக்கிறார்கள். அதனால் தகட்டுக்கும் இரும்புக்கும் இடையில் உள்ள உறவு இரண்டு ரிவெட்டுகள் மட்டுமே. தகட்டை நம்பாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தகடு சொல்வது தகட்டைப் பற்றி மட்டும்தான். பிளாக்கைப் பற்றிப் பிளாக்கிடம்தான் கேட்க வேண்டும்.

பிஎம்சியும் அதன் பிறகு வந்த பிரிட்டிஷ் லேலண்டும் கோல்டு சீல் என்ற பெயரில் மாற்று இஞ்சின்கள் கொடுத்து வந்தார்கள். தேய்ந்துபோன உங்கள் இஞ்சினைக் கொடுத்துவிட்டு, தொழிற்சாலையிலேயே பிரித்து, போரைக் கடைந்து பெரிதாக்கி, புது பேரிங் போட்டுக் கட்டிய இஞ்சினை வாங்கிக்கொள்ளலாம். அந்த இஞ்சின்களுக்கு அடித்த சாயம் தங்க நிறம். பெயரே அதிலிருந்து புரிகிறதல்லவா? இன்னொரு வகை சில்வர் சீல், அதற்கு வெள்ளி நிறம்.

உங்கள் காருக்கு நடந்தது இதுவாக இருந்தால் மற்ற எல்லாம் தானாகவே பொருந்திவிடுகிறது. மாற்று இஞ்சின் பிளாக்கும் ஹெட்டுமாகத்தான் வரும். டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர் எல்லாவற்றையும் பழைய இஞ்சினிலிருந்து கழற்றி இதில் மாட்ட வேண்டும். அதனால்தான் வெளியில் தொங்குவதெல்லாம் 1966, நடுவில் இருப்பது வேறு. ஒருவன் மோசடி செய்வதாக இருந்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும். ஏதோ ஒரு காரிலிருந்து முழு இஞ்சினையும் தூக்கி வைப்பான், அதோடு அந்தக் காரின் ஆல்டர்னேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் சேர்ந்தே வரும். 1967 கடைசியில் வந்த எம்ஜிபி மார்க் 2-வில் டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்துவிட்டது, ஸ்டார்ட்டரும் மாறிவிட்டது, ஸ்டார்ட்டர் உட்காரும் பின்தகடும் மாறிவிட்டது. உங்கள் காரில் அந்தக் கலப்படம் எதுவும் இல்லை.

12எச்2389 ஹெட், உங்கள் சான்றிதழில் உள்ள 18ஜிபி வகை இஞ்சினின் காலத்துக்குப் பிந்தியது என்று மதிப்பீட்டாளர் சொன்னது சரி. அவர் கண்ணில் குறை இல்லை. அதிலிருந்து ஏமாற்று என்று முடிவு கட்டினாரே, அங்கேதான் அவசரம். தொழிற்சாலை மறுகட்டுமானத்தில் கையில் இருக்கும் நல்ல ஹெட்டைப் போட்டுத்தான் அனுப்புவார்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. தின்னரில் நனைத்த பழைய பருத்தித் துணியை எடுத்து, அந்த மஞ்சள் தெரியும் இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மட்டும் மெதுவாகத் துடையுங்கள். கறுப்பு முதலில் கரையும். அடியில் தங்க நிறம் வந்தால் நிறுத்திவிடுங்கள். கத்தியால் சுரண்ட வேண்டாம். அடுத்து, டைனமோ தாங்கி பிளாக்கில் உட்காரும் மூலையைப் பாருங்கள். தூரிகை எட்டாத அந்த மடிப்பில் அரக்குச் சிவப்பு கொஞ்சமாவது இருக்கிறதா? இருந்தால் கதை வேறு. கடைசியாகத் தகடு. துளை ரிவெட் பக்கம் தகடு லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றால், பின்னால் கண்ணாடித் துண்டை வைத்துத் தகட்டுக்கு அடியில் என்ன நிறம் என்று பாருங்கள். தகட்டுக்கு அடியிலும் தங்க நிறம் ஓடியிருந்தால், சாயம் முதலில், தகடு பிறகு. அதற்கு மேல் வாதமே கிடையாது.

காரோடு வந்த பழைய காகிதங்கள் ஏதாவது இருக்கின்றனவா? அப்பா வைத்திருப்பார். இப்படி ஞாயிற்றுக்கிழமை பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் காகிதத்தை எறிய மாட்டார்கள்.

மறுமொழி 2: அரையங்குல ஸ்பேனர் (பர்மிங்காம்)

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். போல்ட் தலைகளையும் பாருங்கள். யார் எப்போது கை வைத்தார்கள் என்பதை அவை காட்டிக் கொடுத்துவிடும்.

இந்தக் காரில் பெரும்பாலும் அங்குலக் கணக்கு, யுஎன்எஃப் என்ற நுண்மரை. ஐந்தின் கீழ் பதினாறு அங்குல போல்ட்டுக்குத் தலை அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. இந்தக் காலத்து 8 மி.மீ. போல்ட்டின் தலை 13 மி.மீ. அரையங்குல ஸ்பேனர் ஒரு போல்ட்டில் ஏறாமல் முட்டுகிறது, 13 மி.மீ. ஸ்பேனர் அதில் கச்சிதமாக உட்காருகிறது என்றால் அது பிற்காலக் கை. தலையில் 8.8 என்ற மில்லிமீட்டர் போல்ட்டின் குறி இருந்தால் ஸ்பேனர்கூடத் தேவையில்லை. அந்தக் காலத்து யுஎன்எஃப் தலைகளில் நடுவில் வட்டமாகக் குழி இருக்கும், அல்லது சின்னச் சின்ன வட்டங்கள் சங்கிலி போலத் தொட்டுக்கொண்டு இருக்கும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 8 மி.மீ. போல்ட்டும் ஐந்தின் கீழ் பதினாறு போல்ட்டும் தடிமனில் ஏறக்குறைய ஒன்று. பழையது 7.94 மி.மீ. கையால் இரண்டு சுற்றுச் சுற்றினால் உள்ளே போகும். மூன்றாவது சுற்றில் இறுகும். தெரியாதவர் ஸ்பேனரால் இழுப்பார், பிளாக்கின் மரை போய்விடும். அப்படிப்பட்ட போல்ட்டைக் கண்டால் நீங்களே கழற்றாமல் யாரையாவது கூப்பிடுங்கள்.

என் வேலை பெரும்பாலும் ஜாகுவார் இ-டைப்பில். அதில் இந்தத் தகட்டுக் குழப்பம் இல்லை. ஆறு சிலிண்டர் இ-டைப்பில் இஞ்சின் எண்ணை ஆயில் ஃபில்டருக்கு மேலே பிளாக்கிலேயே குத்தியிருப்பார்கள், ஹெட்டின் முன்பக்கமும் அதே எண் இருக்கும். பிளாக்கும் ஹெட்டும் பிரிந்துபோனால் எண்களே சொல்லிவிடும். அங்கே ஏமாற்ற நினைப்பவன் பழைய எண்ணை அரைத்துவிட்டு மறுபடி குத்த வேண்டும், அரைத்த தடத்தை விரல் நுனியால் தடவினாலே தெரியும். எம்ஜிபியில் அந்த வசதி இல்லாததால்தான் சாயத்தையும் வார்ப்பெண்ணையும் நாட வேண்டியிருக்கிறது.

மறுமொழி 3: எண் பொருத்தம் (லண்டன்)

ஐயாவின் விளக்கத்தை மறுக்கவில்லை. ஆனால் ஒரு கசப்பான உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தங்க நிறமாக இருந்தாலும், வேறு எந்த நிறமாக இருந்தாலும், 1966-இல் அந்தக் காரில் வைத்த இஞ்சின் இது இல்லை. தகடு அதில் இருக்கக் கூடாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் நல்ல 18ஜிபி பிளாக் ஒன்றும் 12எச்906 ஹெட் ஒன்றும் தேடி வாங்கி, அரக்குச் சிவப்பு அடித்து, இந்தத் தகட்டை அதில் அறைந்துவிடுவேன். பார்ப்பதற்கு எல்லாம் சரியாக இருக்கும்.

மறுமொழி 4: பழைய அம்பாசடர் (மதுரை)

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், தம்பி. கோபத்தில் எழுதவில்லை, ஆனால் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீங்கள் சொல்கிறபடி வாங்கும் பிளாக்கும் இந்தக் காரில் பிறந்தது இல்லை. வேறு ஒரு காரின் இஞ்சின். அதில் இந்தத் தகட்டை அறைந்து சிவப்பு அடித்தால், இன்று சாயத்துக்கு அடியில் படிக்கக் கிடைக்கும் உண்மையையும் மூடிவிடுகிறோம். நாளை இந்த அம்மாவின் பிள்ளையோ, அதற்கடுத்து வாங்குகிறவரோ பார்த்தால் எந்தச் சாட்சியும் இருக்காது. இப்போது இருப்பது நடந்ததை நடந்தபடி காட்டும் இஞ்சின். நீங்கள் சொல்வது நடக்காத ஒன்றை நடந்ததாகக் காட்டுவது. தகடு இந்த பிளாக்குக்கு உரியதல்ல என்று நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அதைத் திருத்த இன்னொரு பிளாக்கில் அறைவது வழி இல்லை.

பழைய பிளாக்கைத் தேடலாமா என்று யாராவது கேட்பார்கள். அது மாற்றுக்குக் கொடுத்ததாயிற்றே. தொழிற்சாலைக்குப் போய், போர் பெரிதாகி, தங்க நிறம் பூசிக்கொண்டு இன்னொருவர் காரில் ஓடியிருக்கும். அதன் தகடுதான் இங்கே இருக்கிறது, அதனால் அதைக் கண்ணால் பார்த்தாலும் அடையாளம் சொல்ல முடியாது.

எங்கள் ஊரில் மாற்று இஞ்சின் வைத்த டாக்சிக்கு ஆர்.சி. புத்தகத்தில் எண்ணைத் திருத்தாமல் விட்டால் பெரிய தொல்லை. அந்தத் தொல்லைக்குப் பயந்து தகட்டைக் கழற்றி மாட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கள்ள எண்ணம் இல்லாமலே செய்வார்கள். இங்கேயும் லாக் புக்கில், அதாவது காரின் பதிவுப் பத்திரத்தில், இஞ்சின் எண் உண்டு. ஒரு பட்டறைக்காரர், காகிதமும் காரும் ஒன்றுபோல இருக்கட்டும் என்று நினைத்துப் பழைய தகட்டைத் தூக்கிப் புது இஞ்சினில் வைத்திருப்பார். செய்திருக்கக் கூடாது. ஆனால் அது இந்த அம்மாவின் அப்பாவை ஏமாற்றச் செய்தது என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

அம்மா, இன்னும் ஒரு சோதனை பாக்கி. இதற்காகவென்று செய்ய வேண்டாம், என்றாவது இஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியை, அதாவது ஆயில் சம்ப்பை, கழற்றினால் பாருங்கள். 18ஜிபியில் பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனை சாய்வாகப் பிரியும், பிஸ்டன் பின் இரண்டு பக்கமும் சர்கிளிப் போட்டு மிதக்கும். பின்னால் வந்த 18வி இஞ்சின்களில் நேராகப் பிரியும், பின் இறுக்கி அடித்திருக்கும். பிளாக் எந்தக் காலத்தது என்பதற்கு அது நல்ல குறிப்பு.

மறுமொழி 5: வெள்ளைக்கார் (லெஸ்டர்)

ஐயா, நீங்கள் சொன்னபடி எல்லாவற்றையும் சனிக்கிழமை செய்தேன்.

துணியால் துடைத்தபோது கறுப்பு தார் போலக் குழைந்து துணியில் ஏறியது. நான்கைந்து தடவை துணியை மாற்றினேன். அடியில் வந்தது தங்க நிறம்தான். மங்கலாக, பழைய பித்தளைக் குத்துவிளக்கின் அடிப்பாகம் போல. அதன் ஓரத்தில் நகத்தை வைத்தால் அதற்குக் கீழே நேராகச் சாம்பல் நிற இரும்பு. டைனமோ தாங்கியின் மூலையை டார்ச் அடித்துப் பார்த்தேன். அங்கே கறுப்புச் சாயம் எட்டவே இல்லை, முழுவதும் தங்க நிறம். அரக்குச் சிவப்பு ஒரு பொட்டுகூட இல்லை.

தகட்டின் வலப்பக்க ரிவெட் ஆடுகிறது. அம்மாவின் முகப்பவுடர் டப்பாக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தேன். தகட்டுக்கு அடியில் தங்க நிறம், அதுவும் அழுக்குப் படாமல் பளிச்சென்று. தகட்டின் வடிவமே அங்கே வெளிச்சமாகத் தெரிகிறது.

டைனமோவின் மேல் போல்ட்டில் 8.8 என்று எழுதியிருக்கிறது, ஆனால் அது நட்டுப் போட்டு இறுக்கியது, பிளாக்கில் ஏறவில்லை. மற்றவை எல்லாம் அரையங்குல ஸ்பேனரில் சரியாக உட்காருகின்றன.

பிறகு காகிதங்கள். அப்பா எல்லா ரசீதையும் பிஸ்கட் டப்பாவில் ஆண்டுவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். 1981-க்கு முந்திய கட்டு ஒன்று அடியில் இருந்தது, முந்தைய உரிமையாளர் கொடுத்தது. அதில் ஊதா நிறக் கார்பன் நகல் ஒன்று, 1974 மார்ச் தேதியிட்டது. ஒரு பட்டறையின் ரசீது. கையெழுத்தில் "கோல்டு சீல் இஞ்சின், பழையது மாற்றாகப் பெறப்பட்டது" என்று இருக்கிறது. 48ஜி என்று தொடங்கும் ஓர் எண்ணும், 71,000-த்தைச் சொச்சம் மைல் என்ற குறிப்பும் இருக்கின்றன. அதன் கீழே இன்னொரு வரி: "தகடு மாற்றிப் பொருத்தப்பட்டது." மறைக்க நினைத்தவர் ரசீதில் எழுதியிருக்க மாட்டார்.

அந்தக் கட்டின் ரப்பர் பேண்ட் காய்ந்து ரசீதுகளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா அதைப் பிரித்ததே இல்லை என்று நினைக்கிறேன். தகட்டையும் சான்றிதழையும் ஒப்பிட்டார், எண் சரியாக இருந்தது, நம்பினார். யாரும் அவரிடம் பொய் சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

எண் பொருத்தம் அண்ணா, நீங்கள் நல்லெண்ணத்தில்தான் சொன்னீர்கள், ஆனால் பிளாக்கை மாற்றப் போவதில்லை. ஏழு வயதில் நான் பின்சீட்டில் படுத்துக்கொண்டு கேட்ட சத்தம் இந்த இஞ்சினுடையது. ரசீதின் நகலைச் சான்றிதழோடு சேர்த்து வைத்துவிட்டேன். மதிப்பீட்டாளருக்கும் ஒரு நகல் அனுப்பி, அறிக்கையில் "1974-இல் தொழிற்சாலை மாற்று இஞ்சின், முதல் இஞ்சினின் தகடு இதில் பொருத்தப்பட்டுள்ளது" என்று திருத்தி எழுதும்படி கேட்டிருக்கிறேன். ஒப்புக்கொண்டார்.

துடைத்த இடத்தில் கறுப்பு அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். ஆடும் ரிவெட்டை மாற்றலாமா, இல்லை தொடாமல் விடலாமா, ஐயா?

மறுமொழி 6: பழைய அம்பாசடர் (மதுரை)

தொடாதீர்கள். அந்த ரிவெட் 1974-இல் அடித்தது, அதுவும் ரசீதில் உள்ள வேலையில் சேர்ந்ததுதான். தகடு விழுந்துவிடும் என்று பயமாக இருந்தால் மெல்லிய செப்புக் கம்பியை ரிவெட் துளை வழியாக விட்டு, பக்கத்தில் இருக்கும் குழாயோடு கட்டி வையுங்கள். சம்ப்பைத் திறக்கும் நாளில் கனெக்டிங் ராடைப் படம் எடுத்து இங்கே போடுங்கள் அம்மா. சாய்வாகப் பிரிகிறதா, நேராகவா என்று எனக்கும் தெரிந்தாக வேண்டும்.